எழுவைதீவுக்கு வந்த முதல் விருந்தாளிகள்

விடியற்காலையில் தொடங்கிய மழை இன்னும் விடவில்லை. ஆனால் வாசலில் வந்து நின்ற இருவரின் உடுப்பிலும் ஒரு துளி ஈரம் இல்லை.

குடை பிடித்து வந்திருப்பார்கள் என்று நிலாந்தினி நினைத்தாள். குடையைக் காணவில்லை.

“எங்கட இவர் எங்க?” கணவனைக் காணாமல் கேட்டாள்.

“வள்ளத்தைக் கட்டிப்போட்டு வாறாராம்,” என்றாள் அந்தப் பெண்.

கனடாவிலிருந்து வந்த கணவனும் மனைவியும். தீவு வீடுகளில் வெளியாட்களைத் தங்கவைக்கும் திட்டத்துக்கு வந்த முதல் ஆட்கள். பொதுப் படகு காற்றுக்கு நின்றுவிட்டதால், நிலாந்தினியின் கணவன் றஜீபன்தான் தன் மீன்பிடி வள்ளத்தில் அவர்களை ஏற்றிவர ஊர்காவற்றுறைக்குப் போயிருந்தான். “காற்று பொல்லாது, நாளைக்குப் பாப்பம்,” என்றவனை அவள்தான் அனுப்பினாள். பன்னிரண்டு வீடுகளில் அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, புதுக் கட்டில் போட்டு ஒரு வருசமாகக் காத்திருந்தார்கள். நாலு குடும்பம் வெறுத்துப்போய் யாழ்ப்பாணத்துக்கே போய்விட்டது. “இந்தக் கனடா ஆக்கள் நல்லதா நாலு சொல் எழுதினால்தான் மற்ற வீடுகளுக்கும் ஆக்கள் வருவினம்,” என்று மாதர் சங்கத் தலைவி தர்சனா நேற்றும் சொல்லியிருந்தாள்.

இருவரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

குசினியில் நின்றவளுக்கு, ஓட்டில் விழும் மழையின் இரைச்சலுக்கும் அடுப்பில் கொதிக்கும் கணவாய்க் கறியின் மணத்துக்கும் நடுவே, வீட்டுக்குள் எங்கிருந்தோ இன்னொரு சத்தமும் இன்னொரு மணமும் மெல்ல மெல்லப் பிரிந்து வருவதாகப் பட்டது. கட்டிவிட்ட வள்ளத்தின் வயிற்றில் அலை தட்டுமே, அந்த மெத்தென்ற தட்டல். வெயில் படாத பாசியின் மணம்.

சோற்றுக் கோப்பைகள் இரண்டையும் கொண்டுபோனாள். கதவு ஒரு சாண் திறந்தது. உள்ளே இருட்டு. ஒரு கை வந்து வாங்கியது. நாள் முழுக்க உடுப்புத் தோய்த்தவளின் கைபோல விரல்கள் வெளிறிச் சுருங்கியிருந்தன.

“இன்னொரு கோப்பையும் தாங்கோ,” என்றது அந்தப் பெண்ணின் குரல்.

“ஆருக்கு?”

“அவருக்கும் பசிக்குதாம்.”

கனடாக்காரருக்கு நல்ல பசிபோல என்று எண்ணிக்கொண்டு மூன்றாவதையும் போட்டுக் கொடுத்தாள். திரும்பும்போது காலடி குளிர்ந்தது. கதவின் கீழால் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. ஓடு ஒழுகுதாக்கும். குனிந்து துடைத்தாள். துணியை மூக்கருகே கொண்டுபோனாள்.

கடல்.

போன் அடித்தது. தர்சனா.

“நிலாந்தினி அக்கா, தனியவோ நிக்கிறியள்?”

“இல்லை. வந்த ஆக்கள் நிக்கினம். சாப்பிடுகினம்.”

மறுபக்கத்தில் காற்று இரைந்தது. தர்சனா அழத் தொடங்கினாள்.

“அக்கா, நான் துறையடியில நிக்கிறன். வள்ளம் பிரண்டுபோச்சு. அந்த ரெண்டு பேரையும் இப்பதான் கரைக்குக் கொண்டுவந்தவை. என்ர கண்ணுக்கு முன்னால கிடத்தியிருக்கு. றஜீபன் அண்ணையைத்தான் இன்னும் தேடுகினம்…”

அறைக்குள் யாரோ செருமினார்கள்.

பதினொரு வருசமாகக் கேட்ட செருமல்.

“இஞ்சேரும்,” என்றது றஜீபனின் குரல். “குளிருது.”

ஒழுங்கையில் பெண்கள் அவள் பெயரைச் சொல்லிக் கதறிக்கொண்டு ஓடிவருவது கேட்டது. வாசல் திறந்துதான் கிடந்தது. ஓடலாம்.

நாளைக்குப் பாப்பம் என்றவன்.

அவள்தான் அனுப்பினாள்.

அறைக் கதவைத் தள்ளினாள்.

உள்ளே கடல். நிலத்திலிருந்து கூரை வரைக்கும். ஒரு துளியும் வெளியே கொட்டாமல், கதவுநிலையை அடைத்துக் கலங்கிய பச்சையாக நின்றது. அடியில், புதுக் கட்டிலில், மூன்று பேர் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். தலைமயிர் மேல்நோக்கி ஆடியது. நடுவில் றஜீபன். அவளைக் கண்டதும் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான்.

சத்தம் வரவில்லை.

அவள் வடித்த சோறுதான், பருக்கை பருக்கையாக, அவன் வாயிலிருந்து மேலே மிதந்து போய்க்கொண்டிருந்தது.