பாலத்துக்கு இன்னும் ஒரு ஆள்

பெட்டிக்குள் இருந்த எல்லாமே குளிர்ந்திருந்தன, அந்த வீடியோ கேமைத் தவிர.

தை மாதக் கடைசி வெள்ளி. கல்யாணம் ஆகாமல் இறந்துபோன பெண்ணை வீட்டுக் கன்னியாகக் கும்பிடுவது நல்லமுத்து குடும்பத்து வழக்கம். அவளுக்குப் பிடித்ததையெல்லாம் ஒரு பனையோலைப் பெட்டியில் வைத்துப் பூஜை அறைப் பரணில் ஏற்றிவிடுவார்கள். வருடத்தில் இந்த ஒரு நாள்தான் இறக்கித் திறப்பார்கள். உள்ளே வைத்ததை வீட்டு ஆட்கள் புழங்கக் கூடாது. மகள் சுகப்பிரியாவுக்குப் பாவாடை மேலும் வளையல் மேலும் பெரிய ஆசை இருந்ததில்லை. அண்ணன் அருண்பாண்டியன் கோயம்புத்தூரிலிருந்து வாங்கி வந்த, கைக்கு அடக்கமான இந்தக் கேம்தான் அவளுக்கு உயிர். காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட அதைக் கையை விட்டு இறக்கவில்லை. அதனால் போன வருடம் முதல் பூஜையில், முழுக்கச் சார்ஜ் ஏற்றி, பாவாடைக்கு மேல் வைத்து மூடினார்கள். சார்ஜ் ஏற்றச் சொன்னது நல்லமுத்துதான். பிள்ளைக்குக் குறை வைக்கக் கூடாது என்று நினைத்தார்.

இப்போது கையை விட்டுப் பார்த்தார். பாவாடை குளிர்ந்திருந்தது. வளையல் குளிர்ந்திருந்தது. கேம் மட்டும், யாரோ இப்போதுதான் கையிலிருந்து கீழே வைத்த மாதிரி, இளஞ்சூடாக இருந்தது.

"பேட்டரி சூடு. வேற ஒண்ணுமில்ல," என்றார்.

பாளையம்பட்டியில் போர்வெல் மோட்டாரும் பைப்பும் விற்கிறவர் அவர். மோட்டாரைத் தொட்டுப் பார்த்தே கோளாறு சொல்லிவிடுவார். ஒரு வருடமாகச் சார்ஜ் இறங்காத பேட்டரியை அவர் எங்கேயும் பார்த்ததில்லை. அதை மட்டும் சொல்லாமல் விட்டார்.

"பிள்ளை விளையாண்டுக்கிட்டுத்தான் இருந்திருக்கா," என்று அவர் மனைவி காளீஸ்வரி அழுதாள். அழுகைக்குள்ளேயே சிரித்தாள்.

திரையில் பச்சைப் பசேலென்று ஒரு கரை, அதை ஒட்டி ஓர் ஆறு, ஆற்றுக்கு மேல் ஒரு பாலம். பாலத்தின் முன்னால் சிவப்பு ரிப்பன் கட்டிய ஒரு பெண் நின்றாள். தலைக்கு மேல் இங்கிலீஷ் எழுத்தில் 'சுகா' என்றிருந்தது. அவளுக்குப் பின்னால் பச்சை உடுப்பில் இன்னொருத்தி. அவள் தலைக்கு மேல் 'அம்மா'.

"இது முன்னாடி இருந்துச்சா?" என்று கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்," என்றாள் காளீஸ்வரி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். பொழுது சாயும் முன்னே பெட்டி பரணுக்குப் போனது. கேம் போகவில்லை.

வழக்கத்தை மீறுகிறாளே என்று நல்லமுத்துவுக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் மகள் போன நாளிலிருந்து வாய்விட்டு ஒரு வார்த்தை பேசாதவள், இப்போது தன்னால் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேசினாள். அதைக் கெடுக்க அவருக்கு மனசு வரவில்லை.

"அங்கன யாரும் ஊரை விட்டுப் போறதில்லைங்க. எப்பப் போனாலும் கடைக்காரன் கடையில இருக்கான். கெணத்தடியில ஒருத்தி கொடத்தோட நிக்கிறா. பேச்சுக் குடுத்தா அவுக சொன்னதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லுவாக. ஆனா முகஞ்சுளிக்க மாட்டாக. சண்டையில செத்தாக்கூட சத்திரத்துல போயி முழிச்சுக்கிறலாம்."

கடைசி வாக்கியத்தில் அவள் குரல் உடைந்தது. நல்லமுத்து திரையில் ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நரிக்குடிப் பக்கம் ஒரு மானாவாரிக் காட்டில் ஆயிரம் அடி போர்வெல் இறக்கியும் வெறும் புழுதியைக் கக்கிய குழியைப் பார்த்துவிட்டு வந்திருந்தார் அன்று. இந்தச் சின்னக் கண்ணாடிக்குள் எந்த மோட்டாரும் இல்லாமல் ஆறு ஓடிக்கொண்டே இருந்தது. எழுந்திருக்க நினைத்தவர், நினைத்ததைவிட நெடுநேரம் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தப் பாலம்?"

"நாலு பேரு சேர்ந்தாத்தான் தாண்ட விடுவாகளாம். பாவம், பிள்ளை அங்கனயே நிக்கிறா."

பங்குனி பிறந்தது. பின்தெருவில் விசைத்தறிகள் காலையிலிருந்து பொழுதடையும் வரை ஓயாமல் அடித்தன. அந்த இரைச்சலுக்குப் பழகிய காதுக்கு அது சத்தமே இல்லை, வீட்டுச் சுவர் மாதிரி அதுவும் ஒன்று. காற்றில் கருவேல விறகு கரியாகும் மூட்டப் புகையும் காய்ந்த மண்ணும் மணக்கும். ஆனால் வாசலைத் தாண்டி உள்ளே வந்தால் வேறு வாசனை அடித்தது. பாசி வாசனை. ஆற்றங்கரைச் சேற்றின் வாசனை. தண்ணீர் லாரி வந்தே பல நாளாகியிருந்தது, குடமெல்லாம் கவிழ்ந்து கிடந்தது, ஆனால் காளீஸ்வரியின் சேலைக் கரை நனைந்திருந்தது. தூங்கும்போது அவள் பாதத்தைப் பார்த்தார். நாளெல்லாம் தண்ணீரில் நின்றவள் பாதம் போல வெளுத்துச் சுருங்கியிருந்தது.

ஒரு மத்தியானம் கடையிலிருந்து வந்தார்.

"வந்துட்டீகளா. சோறு எடுத்து வைக்கவா?" என்றாள், தலையை லேசாகச் சாய்த்துச் சிரித்தபடி.

"வையி," என்று கை கழுவப் போனவர் அடுப்படியைப் பார்த்தார். அடுப்பு பற்றவைக்கவே இல்லை.

"காளி, சோறு எங்க?"

"வந்துட்டீகளா. சோறு எடுத்து வைக்கவா?"

அதே சாய்ப்பு. அதே சிரிப்பு. தோளைப் பிடித்து உலுக்கினார். என்ன செய்கிறது என்று கேட்டார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். எல்லாவற்றுக்கும் அதே பதில்தான் வந்தது. டாக்டரிடம் கூட்டிப்போனார். நாடி பிடித்த டாக்டரிடமும் சோறு எடுத்து வைக்கவா என்றாள். அவர் ஊசி போட்டு, ஓய்வு வேண்டும் என்று அனுப்பிவிட்டார்.

நல்லமுத்து அவளை வீட்டில் கொண்டுவந்து உட்கார வைத்தார். மகனுக்குப் போன் போட்டார்.

"அம்மாவுக்கு ஒண்ணும் சரியில்லப்பா. பொறப்பட்டு வா."

"காலையில பஸ் ஏறிர்றேன்ப்பா. மத்தியானம் வந்துருவேன்."

மறுநாள் கடையைத் திறக்கவில்லை. உச்சி வெயிலில் தெருவே வெளுத்துக் கிடந்தது. காளீஸ்வரியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேமைப் பிடுங்கினார். பெட்டியை இறக்கினார், உள்ளே வைத்தார், மூடினார், கயிற்றால் இறுக்கிக் கட்டினார்.

கரண்ட் போனது.

தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. மின்விசிறி மெல்லச் சுற்றி ஓய்ந்தது. இத்தனை அமைதியை அந்த வீடு கேட்டதே இல்லை.

டிக்.

பெட்டிக்குள்ளிருந்து வந்தது.

டிக். டிக்.

பட்டன் அமுக்கும் சத்தம். மகள் தூங்குகிற மாதிரி போர்வைக்குள் விளையாடும்போது அவளைக் காட்டிக்கொடுக்கும் அதே சத்தம். திரும்பிப் பார்த்தார். கட்டிலில் காளீஸ்வரி கையை மடியில் போட்டபடி அசையாமல் இருந்தாள்.

கயிற்றை அவிழ்த்தார். திரையில் அந்தப் பச்சை உடுப்புக்காரி கரையோரம் நின்று நேராக அவரையே பார்த்தாள். அவர் கட்டைவிரல் தன்னால் பட்டனில் பட்டது. எழுத்துகள் வந்தன. இங்கிலீஷ் எழுத்து, ஆனால் தமிழ் வார்த்தை. எழுத்துக்கூட்டிப் படித்தார்.

'என்னங்க. நான் இங்கன இருக்கேன். வெளிய வர வழி தெரியல. பாலத்துக்கு அந்தப் பக்கந்தான் வழின்னு பிள்ளை சொல்றா. பயமா இருக்குங்க. வாங்க.'

முதுகுக்குப் பின்னால் கட்டிலில் இருந்தது பேசியது. "வந்துட்டீகளா. சோறு எடுத்து வைக்கவா?"

நல்லமுத்து அழுதுவிட்டார். இரண்டில் எது தன் மனைவி என்று அவருக்குத் தெரிந்துபோனது. அவளை அங்கே தனியாக விட்டுவிட்டு இங்கே எதைக் கட்டிக்கொண்டு வாழ்வது?

பெயர் கேட்டது திரை. தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார்.

காலில் ஜில்லென்று தண்ணீர் பட்டது. குனிந்து பார்த்தார். சிமெண்டுத் தரை காய்ந்து கிடந்தது. கால் நனைந்திருந்தது.

திரையில் இப்போது மூன்று பேர். சிவப்பு ரிப்பன்காரி திரும்பி அவரைப் பார்த்தாள். பிறகு பாலத்துப் பலகையில் எழுத்து வந்தது.

இன்னும் ஒரு ஆள்.

பஸ். அருண்பாண்டியன் ஏறிய பஸ். இந்நேரம் காரியாபட்டி தாண்டியிருக்கும். பதறிப்போய்ப் போனை எடுத்தார். வராதே, அப்படியே திரும்பிப் போ என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

"அப்பா, பஸ்ஸ விட்டு எறங்கிட்டேன். நடந்து வந்துக்கிட்டிருக்கேன்."

வாயைத் திறந்தார்.

"வந்துட்டியாப்பா. இன்னும் ஒரு ஆளுதான் வேணும்."

"என்னப்பா?"

நாக்கைக் கடித்தார். ரத்தம் உப்புக் கரித்தது. மறுபடி வாயைத் திறந்தார்.

"வந்துட்டியாப்பா. இன்னும் ஒரு ஆளுதான் வேணும்."

கேட் கிறீச்சிட்டது. தோள்பையோடு மகன் உள்ளே வந்தான். அம்மாவைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். தொடாதே. ஓடு. ஓடிப்போ. நெஞ்சுக்குள் கத்தினார். தலை லேசாகச் சாய்ந்தது. முகம் சிரித்தது. கை நீண்டது. கையில் கேம்.

"பிரியாவோடதுல்ல?" அவன் குனிந்து பார்த்தான். "இன்னுமா சார்ஜ் இருக்கு?"

வாங்கிக்கொண்டான். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

நல்லமுத்துவுக்கு முழங்கால் வரை தண்ணீர். பாசி. ஒரு பக்கம் மனைவியின் ஈரக் கை. மறுபக்கம் மகளின் கை, இளஞ்சூடாக. மூவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஆற்றுக்கு மேலே, வானம் இருக்க வேண்டிய இடத்தில், அருண்பாண்டியனின் முகம் குனிந்திருந்தது. வானம் முழுக்க அவன் முகம். கண்ணில் ஆற்றின் பச்சை. பெரிய கட்டைவிரல் ஒன்று மெல்ல இறங்கி வந்தது, அவன் பெயரின் முதல் எழுத்துக்கு.