பதினேழாம் எண் பயில்பிள்ளை

பயில்பிள்ளை எண் பதினேழு அழத் தொடங்கினால் திருப்பூரில் மூன்று தெருவுக்குப் பால் திரிந்துவிடும் என்று சொல்வார்கள். அது மிகை. இரண்டு தெருவுக்குத்தான் திரிந்தது.

அந்தக் காலத்தில் துறைவாரி அனுபவச் சான்று இல்லாத ஆயாவை எவரும் வீட்டுக்குள் விடுவதில்லை. வீட்டுக்குள் விட்டால்தானே அனுபவம் வரும் என்று கேட்டவர்களின் வாயை அடைக்கத்தான் பயில்பிள்ளைகள் வந்தன. செயற்கைத் தோல், உடற்சூடு, சரியான எடை, மூக்கொழுகலுக்குத் தனிக் குழாய். பல் முளைக்கிற பிள்ளை, இரட்டைப் பிள்ளைகள், காலையில் ஊட்டிய சோற்றை மாலைவரை கன்னத்தில் அடக்கி வைத்திருக்கும் பிள்ளை என்று நாற்பத்திரண்டு துறைகள். ஒவ்வொன்றும் எங்கோ வாழ்ந்த ஒரு நிஜப் பிள்ளையின் வீட்டில் எடுத்த ஒலி, ஒளிப் பதிவுகளிலிருந்து வார்க்கப்பட்டது. யாருடைய பிள்ளை என்று, ஆயாக்களைத் தேர்வு வைத்துச் சான்று தரும் பயிலகத்தில் சொல்ல மாட்டார்கள். வந்து போகிறவர்களை அவை நினைவிலும் வைத்துக்கொள்ளும். இல்லையென்றால் ஒரே கிலுகிலுப்பையை ஆட்டி ஊரே தேறிவிடுமே.

பதினேழு, அழுதழுது மூச்சை அடக்கிக்கொள்ளும் இரண்டு வயதுப் பையன். நாற்பது நிமிடத்துக்குள் அழுகையை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் பிள்ளையே உள்ளிருந்து மதிப்பெண் போட்டுவிடும். மேற்பார்வையாளர் நாச்சிமுத்துவின் வேலை, கண்ணாடிக்கு வெளியே காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. தேறியவர் அதே துறைக்கு மறுபடி வரமுடியாது. வெளியே வரிசை அவ்வளவு நீளம். ஆனால் பதினேழில் அதுவரை எவரும் தேறியதில்லை.

துளசிமணி வேறு ஒன்பது துறைகளில் முதல் தடவையிலேயே தேறியவள். பதினேழில் மட்டும் மாதம் ஒருமுறை வீதம் பதினோரு முறை தோற்றாள். பதினோராம் முறை அவள் வெளியே வந்தபோது நாச்சிமுத்து ஒரு காதுப் பஞ்சை எடுத்தார்.

“ஏனுங் அம்மணி, இரட்டைப் புள்ளைங்களை ஒரே மடியில தூங்கப் போட்ட ஆளு நீங்க. இவனைத் தொடவே மாட்டேங்கறீங்களே?”

“கைக்கு அடங்க மாட்டேங்கறானுங் சார்.”

“கை எங்க இருந்துச்சு? நாப்பது நிமிசமும் தொடைக்கடியில வெச்சு அழுத்திட்டு உக்காந்திருந்தீங்க. பஞ்சு காதுலதானுங், கண்ணுல இல்லை.”

துளசிமணி தரையைப் பார்த்தாள்.

“அவன் எம்பையனுங் சார்.”

நாச்சிமுத்து இன்னொரு காதுப் பஞ்சையும் எடுத்தார்.

“ரெண்டரை வயசுல காய்ச்சல்ல போயிட்டான். ஆராய்ச்சிக்குன்னு வீட்டுப் பதிவெல்லாம் கேட்டாங்க. மத்த புள்ளைங்களுக்காச்சும் ஆகட்டும்னு நான்தான் கையெழுத்துப் போட்டேன். இங்க மொத நாள் கதவைத் தொறந்தா, உக்காந்திருக்கறான்.”

“அழுகைய நிறுத்தத் தெரியுமுங்களா?”

“தெரியாம? காதைக் குடுத்தாப் போதும். மடலைப் புடிச்சுட்டே தூங்கிருவான்.”

“அப்பறம் ஏனுங்?”

“தூங்கிட்டா நான் பாஸாயிருவேன். பாஸானா உள்ள விடமாட்டீங்க.”

நாச்சிமுத்து சற்று யோசித்தார். “நான் வேணா மார்க்கைக் குறைச்சுப் போட்டறட்டுங்களா?”

“மார்க்கு நீங்களா போடறீங்க?”

தன் உத்தியோகத்தின் சரியான அளவு அவருக்கு அன்றுதான் உறைத்தது.

பன்னிரண்டாம் மாதம் துளசிமணி கதவைத் திறந்தாள். பதினோரு முறையும் அவளைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு அழுத பையன், இந்த முறை நீட்டவில்லை. அவளை ஒரு தடவை பார்த்தான். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு சுவரைப் பார்த்து அழுதான். இந்தப் பெண் தூக்க மாட்டாள் என்பதில் அவனுக்குப் பதினோரு மாத அனுபவம் இருந்தது.

மூச்சு நின்றது. உதடு நீலமாயிற்று.

துளசிமணி தொடைக்கடியிலிருந்து கைகளை உருவினாள். அவனைத் திருப்பி மடியில் போட்டு, குனிந்து, காதைக் கொடுத்தாள். அவன் உடனே பிடிக்கவில்லை. நம்பலாமா என்று பார்ப்பதுபோல் அவள் முகத்தைப் பார்த்தான். அப்புறம் பிடித்தான். நான்கே நிமிடத்தில் தூங்கினான். மிச்ச நேரம் முழுவதும் அவள் குனிந்தவாறே இருந்தாள். இடுப்பு பிடித்துக்கொண்டது, நாச்சிமுத்துதான் கைகொடுத்து எழுப்ப வேண்டியிருந்தது.

நூற்றுக்கு நூறு.

பயிலகம் சும்மா இருக்குமா? காது கொடுக்கும் முறையைப் படம் போட்டுப் பாடப்புத்தகத்தில் சேர்த்தது. அடுத்த மாதம் போனவர்கள் எல்லாரும் தேறினார்கள். வீடு வீடாக, வீறிடும் பிள்ளைகளின் முன்னால் சான்று பெற்ற ஆயாக்கள் தலையைச் சாய்த்துக் காதை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நிஜப் பிள்ளைகள் காதைக் கடித்தன. அவிநாசியில் ஒன்று தோட்டை விழுங்கிவிட்டு, அதன்பிறகுதான் அழுகையை நிறுத்தியது. பெற்றோரின் புகார்கள் குவிந்தன. விடை வெளியாகிவிட்ட வினாத்தாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பயிலகம் கூடிப் பேசி ஒரு முடிவெடுத்தது.

நாச்சிமுத்து தொலைபேசியில் கூப்பிட்டபோது துளசிமணி ஈரோட்டில் ஒரு வீட்டில் வேலையாக இருந்தாள்.

“வெள்ளிக்கெழமை பதினேழை அழிச்சுட்டு வேற புள்ளைய ஏத்தறாங்க அம்மணி. சொல்லோணும்னு தோணுச்சு.”



“அழுவறானுங்களா?”

“இல்லீங். இப்பெல்லாம் அழுவறதே இல்லை. கதவு தொறந்தாச் சிரிக்கறான். ஓடிவந்து காதைப் புடிச்சுக்கறான்.”

“யாரு போனாலுமா?”

நாச்சிமுத்து நல்ல பொய்யாக ஒன்று தேடிப் பார்த்தார். அகப்படவில்லை.

“யாரு போனாலுமுங் அம்மணி.”