கடைசி ஆளுக்குப் பின்னால்

செகப்பி மலையேறப் போனது சர்க்கரை நோய்க்காகத்தான். மலைமேல் அவருக்கு ஆசை ஒன்றும் கிடையாது. நடக்காவிட்டால் ஊசிதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஈப்போவில் பூங்காவைச் சுற்றி நடந்து பார்த்தார். நாலு எட்டு வைப்பதற்குள் தெரிந்தவர்கள் எதிரே வந்து பேச்சுக்கு நிறுத்திக்கொள்கிறார்கள், அப்புறம் நடை எங்கே நடப்பது? அதனால் இளையதம்பியின் மலைநடைக் குழுவில் பெயர் கொடுத்தார்.

இளையதம்பி இலங்கைத் தமிழர், நில அளவை இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். மாதம் ஒரு ஞாயிறு, ஏதாவது ஒரு மலை. காட்டில் ஒருத்தரையும் தவறவிட்டதில்லை என்று மார்தட்டிக்கொள்வார். அதற்கு அவர் வைத்திருந்த ஏற்பாடு சுலபமானது. முன்னால் போகிற அவர் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று ஒரு விசில் ஊதுவார். வரிசையின் கடைசி ஆள் பதிலுக்கு ஒன்று ஊத வேண்டும். அது கேட்ட பிறகுதான் வரிசை நகரும். கடைசி ஆள் யாரையும் முந்தக் கூடாது. யாராவது பின்தங்கினால் அவர்களுக்காக நிற்க வேண்டும்.

"எப்படியும் கடைசியாத்தான் வரப் போறீங்க ஆச்சி, அப்படியே ஊதிக்கிட்டு வாங்க லா" என்று குழுவில் இருந்த துளசி டீச்சர் விசிலை அவர் கழுத்தில் மாட்டிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். செகப்பியும் சிரித்தார். உடம்பு பெருத்தவர்கள் இதற்கெல்லாம் கோபித்துக்கொண்டால் காலம் தள்ள முடியாது.

ஜனவரி மாத நடை சுங்கை சிப்புட்டைத் தாண்டி ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில். தோட்டத்துச் சனங்கள் பட்டணத்துக் குடியிருப்புகளுக்குப் போய்ப் பல காலம் ஆகிவிட்டது. பால் வெட்டுவார் இல்லாமல் பால்மரங்கள் தம்பாட்டுக்கு வளர்ந்து கிடந்தன. அவர்கள் குடியிருந்த லயத்துச் சுவர்களில் கொடி ஏறியிருந்தது. காலை வெயில் நன்றாக ஏறியும் மரங்களுக்கு அடியில் வெளிச்சம் வரவில்லை. ஈரச் சருகின் வாடை. காலடியில் ரப்பர் விதைகள் நொறுங்கும் சத்தம். அதைத் தவிர ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை என்பதைச் செகப்பி கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தார்.

முன்னால் இளையதம்பியின் விசில் கேட்டது. செகப்பி பதிலுக்கு ஊதினார்.

அவருக்குப் பின்னால் இன்னொரு விசில் கேட்டது.

யாரோ புதர்ப் பக்கம் ஒதுங்கியிருக்கிறார்கள் என்று நினைத்தார். நல்ல மனசுக்காரி, வேறென்ன நினைப்பார்? திரும்பி நின்று, சருகு மூடிய ஒற்றையடிப் பாதையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"மெதுவா வாங்க, அவசரமில்ல. நீங்க வர்ற வரைக்கும் நான் நிக்கிறேன்."

அவ்வளவுதான் சொன்னார்.

ஒருவரும் வரவில்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு நடையைக் கட்டினார். கார்களை நிறுத்தியிருந்த இடத்துக்கு வந்தால் குழு ஓர் ஆள் குறையாமல் அங்கே இருந்தது. நாசி லெமாக் சோறு தின்று, இலையை மடித்து, கை கழுவி உட்கார்ந்திருந்தார்கள். ஆச்சி காட்டில் தூங்கிவிட்டு வருகிறார் என்று கேலி பேசினார்கள். தாம் நின்றது ஒரு காப்பி குடிக்கிற நேரம்கூட இருக்காதே என்று செகப்பிக்குக் குழப்பமாக இருந்தது. வீட்டுக்குப் போனதும் குளித்துச் சாப்பிட்டு அதை மறந்தும் போனார்.

பிப்ரவரியில் கிளேடாங் மலை. ஞாயிற்றுக்கிழமை என்றால் அங்கே சீனர்களும் தமிழர்களும் மலாய்க்காரர்களும் குடும்பம் குடும்பமாக ஏறுவார்கள், பயத்துக்கு இடமே இல்லை. இறங்கும்போது ஒரு வளைவில் ஆள் நடமாட்டம் சட்டென்று நின்றுபோனது. முன்னால் விசில். செகப்பி ஊதினார். பின்னால் மூன்றாவது விசில், போன மாதத்தைவிடக் கிட்டத்தில். அதோடு ஒரு தகர வாளியின் கைப்பிடி கிறீச்சிடும் சத்தம். பிறகு நாற்றம். ரப்பர் மரத்துக் கோப்பையில் நாள்பட்டுக் கிடந்து புளித்த கட்டிப்பாலின் நாற்றம், ஒருமுறை மூக்கில் ஏறினால் மறக்காது.

செகப்பி வேகமாக நடந்தார். வளைவு தாண்டியதும் அதே வளைவு வந்தது. பாதையோர இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். மறுபடியும் அதே கம்பி, அதே வளைவு. முருகா, முருகா என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இறங்கிப் பார்த்தார். கால் ஓய்ந்து, மூச்சு முட்டி, கடைசியில் நின்றுவிட்டார்.

திரும்பவில்லை.

வாளிச் சத்தம் கொஞ்சம் நெருங்கி வந்து நின்றது.

எவ்வளவு நேரம் அப்படி நின்றாரோ தெரியாது. பிறகு அடுத்த எட்டில் மலையடிவாரம் வந்துவிட்டது. இளையதம்பி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். செகப்பிக்கு விஷயம் விளங்கிவிட்டது. நிற்கிறேன் என்று சொன்னோம். அதனால் அது நம்மை நிற்க வைக்கிறது.

மார்ச் மாதம் மூட்டு வலி என்று சொல்லிப் போகாமல் இருந்துகொண்டார். அன்று விசிலைத் துளசி டீச்சர் மாட்டிக்கொண்டாள். சாயங்காலம் அவள் நேராகச் செகப்பி வீட்டு வாசலில் வந்து நின்றாள். காலணி முழுக்கச் சேறு, அட்டை கடித்த இடங்களில் ரத்தம், அதுகூட அவளுக்குத் தெரியவில்லை. எல்லோரும் இறங்கிய பிறகும் அவளைக் காணாமல் தீயணைப்பு பொம்பாக்காரர்களைக் கூப்பிடப் போனார்களாம். செகப்பி தண்ணீர் கொடுத்தார். அவள் வாங்கவில்லை.

"ஆச்சி, அங்க ஒருத்தங்க உங்கள கேட்டாங்க" என்றாள் மெதுவாக. "நிக்கிறேன்னு சொன்ன அம்மா வரலியான்னு கேட்டாங்க."

அதற்குப் பிறகு துளசி குழுவுக்கு வரவில்லை. பாகான் செராய்க்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

மறுநாளே செகப்பி இளையதம்பியின் வீட்டுக்குப் போனார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். மனிதர் சிரிப்பார், சமாதானம் சொல்வார், டாக்டரைப் பாருங்கள் என்பார் என்றுதான் எதிர்பார்த்துப் போனார். இளையதம்பி தலையைக் குனிந்துகொண்டார்.

"ஓம். கடைசி ஆளுக்குப் பிறகும் ஒண்டு கேக்கும். கன காலமா கேக்குது" என்றார். "அதுக்கு இதுவரை ஒருத்தரும் பதில் சொன்னதில்ல."

"தெரிஞ்சிருந்தும் என்கிட்ட ஏண்ணே சொல்லல?"

"சொன்னா யாரு கடைசியா நடப்பா?"

செகப்பிக்கு வந்த ஆத்திரத்தில் அவர் சட்டையைப் பிடித்திருப்பார். பிறத்தியார் சட்டையைப் பிடித்துப் பழக்கமில்லாத குடும்பம், அதனால் பிடிக்கவில்லை. குழுவைக் கலைத்துவிடுங்கள் என்று மட்டும் கேட்டார். இளையதம்பி மாட்டேன் என்றார். கலைத்துவிட்டால் அது காட்டோடு நின்றுவிடும் என்று என்ன நிச்சயம் என்று திருப்பிக் கேட்டார். மாதம் ஒருதரம் நீங்கள் போய் நின்றால் அது அங்கேயே இருக்கும். போகாவிட்டால் நிற்கிறேன் என்று சொன்ன ஆளைத் தேடி வீட்டுக்கு வந்தால்?

செகப்பி வீட்டுக்குத் திரும்பினார். அவர் வீட்டில் கணவர் சிதம்பரம் இருந்தார். பினாங்கில் வேலை பார்க்கும் மகள் ரோஷினி லீவு கிடைத்தால் ஓடி வருவாள். அந்த நாற்றமும் அந்த வாளிச் சத்தமும் தன் வீட்டு வாசற்படியை மிதிக்கக் கூடாது, தன் பிள்ளை இருக்கிற கூடத்துக்குள் வரக் கூடாது. அதற்காக எத்தனை மாதமானாலும் போய் நிற்கலாம் என்று முடிவு செய்தார். அது முடிவா, மாட்டிக்கொண்டதா என்று அவரைக் கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

அப்படியாக அந்த வருசம் போனது. தாப்பா பக்கத்து அருவிக்குப் போனார்கள், அருவிச் சத்தத்துக்கு மேலே வாளி கிறீச்சிட்டது. சுண்ணாம்பு மலைக்குப் போனார்கள், அங்கேயும் பால் நாறியது. மற்றவர்கள் படம் எடுத்தார்கள், ஒருவருக்கொருவர் ஊட்டிக்கொண்டார்கள், புதிதாக நாலு பேரைச் சேர்த்தார்கள். செகப்பி ஒவ்வொரு மாதமும் ஏதோ ஒரு திருப்பத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஒவ்வொரு மாதமும் அது இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து நின்றது.

உடம்பு பாதியாகிவிட்டது. சர்க்கரை இறங்கிவிட்டது என்று டாக்டர் கைகொடுத்தார். மலையேறினால் இவ்வளவு நன்மையா என்று சிதம்பரம் தம் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் பெருமை பேசினார். தீபாவளி முடிந்து நவம்பர் நடையில் பின்கழுத்தில் மூச்சு பட்டது.

குளிர்ந்த மூச்சு.

டிசம்பரில் வருச முடிவு நடை, மறுபடியும் அந்தச் சுங்கை சிப்புட் தோட்டத்தில். லீவில் வந்திருந்த ரோஷினி தாயைப் பார்த்துப் பயந்துபோனாள். எலும்பும் தோலுமாக இருக்கிறீர்கள், தனியாக விடமாட்டேன், நானும் வருவேன் என்று ஒரே பிடிவாதம். செகப்பி திட்டிப் பார்த்தார், அழுதும் பார்த்தார். பெண் மசியவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். இளையதம்பியை ஒட்டியே முன்னால் நடக்க வேண்டும். பின்னால் என்ன கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது. வளர்ந்த பிள்ளைகள் தலையாட்டுவது போல ரோஷினி தலையாட்டினாள்.

பால்மரங்களுக்கு அடியில் அதே இருட்டு. வரிசை முன்னால் போய் மறைந்தது. விசில் கேட்டது. செகப்பி ஊதினார். வாய் உலர்ந்து காற்றுதான் வந்தது.

மூன்றாவது விசில் காதோரத்தில் கேட்டது.

அவர் நின்றார்.

வாளியைத் தரையில் வைக்கும் சத்தம். நாற்றம் தொண்டை வரைக்கும் இறங்கியது. வலது தோளுக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள். கையை நீட்டினால் தொடலாம். ஜனவரிக்குப் பிறகு வாயைத் திறக்காமல் நின்றவர் அன்றைக்குத் திறந்தார். முன்னால் தன் பிள்ளை இருக்கிறாள் என்பதுதான் அந்தத் தைரியத்தைக் கொடுத்தது.

"ஒரு வருசமா உனக்காக நின்னுட்டேன். போதும்" என்றார். "இனிமே நான் நிக்க மாட்டேன்."

ஒரு சத்தமும் இல்லை.

செகப்பி ஓர் எட்டு வைத்தார். இன்னொன்று. பாதை விட்டது. திருப்பம் வந்தது, அது புதுத் திருப்பம். அங்கே ரோஷினி நின்றுகொண்டிருந்தாள். அம்மாவைக் காணோமே என்று இளையதம்பியின் கையை உதறிவிட்டுத் திரும்பி வந்திருந்தாள். செகப்பிக்கு அழுகையே வந்துவிட்டது.

ரோஷினியின் கண்கள் தாயைப் பார்க்கவில்லை. தாயின் தோளுக்கு மேலே பார்த்து, பெரியவர்களைக் கண்டால் சிரிக்க வேண்டும் என்று அவர் சொல்லி வளர்த்த அந்தச் சிரிப்பைச் சிரித்தாள்.

"மெதுவா வாங்க ஆண்ட்டி. நான் நிக்கிறேன்."

செகப்பி பாய்ந்து மகளின் வாயைப் பொத்தினார். சொன்னது சொன்னதுதான். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். இரண்டே திருப்பம், தார்ச்சாலை வந்துவிட்டது. குழு அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது, நாசி லெமாக் பொட்டலங்களைப் பிரிக்கக்கூட இல்லை. இவ்வளவு சுலபமாக அந்தக் காடு அவரை விட்டதே இல்லை. அந்தச் சுலபம்தான் அவரைக் குலை நடுங்க வைத்தது.

விசிலைக் கழற்றி இளையதம்பியின் காலடியில் போட்டார். அவர் ரோஷினியை ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ரோஷினிதான் காரை ஓட்டினாள். வழியெல்லாம் அந்த ஆண்ட்டியைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தாள். யார் அவர், அத்தனை பெரிய வாளியைத் தூக்கிக்கொண்டு ஏன் வருகிறார், ஒருத்தர்கூட அவருக்காக நிற்காமல் வந்துவிட்டோமே, என்ன மனிதர்கள் நாம் என்றாள். செகப்பியோ, வீட்டுக்குப் போனதும் மகளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், இன்றைக்கே பினாங்குக்கு அனுப்பிவிட வேண்டும், அடுத்த மாதம் தாமே போய்க் காலில் விழுந்தாவது கேட்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார்.

ஈப்போவில் நல்ல வெயில். காரை உள்ளே விட்டதும் செகப்பி இறங்கி வாசற்படி ஏறினார். திரும்பிப் பார்த்தால் ரோஷினி இன்னும் கேட்டருகில் நின்றாள். ஒரு கையால் கேட்டைத் திறந்து பிடித்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஈ காக்கைகூட இல்லை.

"உள்ள வா ரோஷினி."

"இருங்கம்மா. வந்துரட்டும்."

"யாரும் வரலடி. கேட்ட சாத்து."

ரோஷினி கேட்டை விடவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு சுவரோடு ஒண்டி, வழியைவிட்டு விலகி நின்றாள். கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

கூடத்தில் சிதம்பரம் சாய்வு நாற்காலியில் கால் நீட்டிக் கைப்பேசியில் கண்ணாக இருந்தார். செகப்பி நுழைந்ததும் நிமிராமலே கால்களை மடக்கி வழிவிட்டு மறுபடியும் நீட்டிக்கொண்டார். ரோஷினி வந்தாள். மடக்கினார், நீட்டினார். அவள் தன் அறைக்குப் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

சிதம்பரம் கைப்பேசியைப் பார்த்தபடியே இன்னொரு தரம் கால்களை மடக்கிக்கொண்டார்.