சீனி கூடிய இரத்தம்

தரையில் சிந்திய இரத்தத்துக்கு எறும்பு வராததை றுஷ்தாதான் முதலில் கண்டாள்.

படத்துக்கான இரத்தத்தை அவளே குசினியில் காய்ச்சியிருந்தாள். சீனிப்பாகு, சிவப்புக் கலர், கொஞ்சம் கோப்பித்தூள். சின்னப் பையில் கட்டி நடிப்பவனின் கொலருக்குள் ஒளித்துவிடுவாள். கடித்ததும் பை உடையும், எறும்பு படையெடுக்கும். அவள் புருஷன் ஹஸன்தான் இரத்தக்காட்டேரி. கடித்துவிட்டு முகத்தைச் சுளித்து, "சீனி கூடிப்போச்சு!" என்பான், பிளாஸ்டிக் பல் கழன்று விழும். திருகோணமலைத் துறைமுகத்தடியில் அதைப் போனில் பார்த்து வயிறு நோகச் சிரிக்காத ஆளில்லை. எத்தனையோ மையித்தை அடக்கம் செய்த ஊருக்கு, செத்தவன் எழும்பித் தேத்தண்ணி கேட்கும் படம் பிடிக்காமல் போகுமா?

இன்று சாவது அவளுடைய தம்பி முத்தலிப். மூடிக்கிடந்த ஐஸ் தொழிற்சாலைக்குள் பின்னேர வெயிலில் தகரக்கூரை சடசடத்தது; துருவும் பழைய மீன்வாடையும், அதற்குள் இன்னதென்று தெரியாத ஒரு புது வாடையும் மூக்கில் ஏறின. உடுப்பு மாற்ற இருட்டு உள்ளறைக்குப் போன ஹஸன் வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வந்தான். வந்தவன் நேரே முத்தலிபைச் சாய்த்துக் கழுத்தில் வாய் வைத்தான்.

"ராத்தா! நோகுது ராத்தா!"

கமராவுக்குப் பின்னால் கஜீபன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். "அக்கா, இந்தமுறை பெடியன் நல்லா நடிக்கிறான்."

"இன்னும் கத்துடா!" என்றாள் றுஷ்தா.

முத்தலிப் கத்தினான். பிறகு கத்தல் கொறகொறப்பானது. குதிக்கால் சீமெந்தில் அடித்தது. கழுத்துச் சதை ஹஸனின் வாயோடு இழுபட்டு, ஈரத்துணி கிழியும் சத்தத்தோடு பிய்ந்தது. இரத்தம் சுவர்வரை பீறிட்டது.

சீனிப்பாகு பீறிடாது.

ஈக்கள் வந்தன. எறும்பில்லை.

பக்கத்துக் கதிரையில் தண்ணிக் கிளாஸ். அதற்குள் பிளாஸ்டிக் பல். கழுவி அவள்தான் போட்டது. அவன் அதை எடுக்கவேயில்லை.

நிப்பாட்டுங்க என்று கத்த வாய் திறந்தாள். அதற்குள் தம்பியின் கால் ஓய்ந்தது. எழும்படா. என்ட தம்பி, எழும்படா. தேத்தண்ணி கேளடா.

அவன் எழும்பவில்லை.

ஹஸன் தலையை நிமிர்த்தினான். மெதுவாக மென்றான். முகம் சுளிக்கவில்லை. கமராவைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தான்.

"உப்பு அளவா இருக்கு."

கஜீபன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.