ஐந்து மாதம் திறக்காத ஜாடி

வெள்ளைத் தட்டில் கொட்டிய புழுக்களில் ஒன்று நகர்ந்தது.

ஐந்து மாதமாக ஸ்பிரிட்டில் ஊறியவை அவை. உயிர் இருக்க வழியே இல்லை. அவள் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, மேசை விளக்கை அருகே இழுத்துக் குனிந்து பார்த்தாள். எதுவும் அசையவில்லை. தலைக்கு மேல் மின்விசிறி கிரீச்சிட்டபடி சுற்ற, அதன் காற்றில் தட்டிலிருந்த திரவம் லேசாகச் சிலிர்த்து, அடியில் கிடந்த சின்னச் சின்ன நிழல்களை ஆட்டிவிட்டு அடங்கியது. காற்றுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"அக்கா, இந்த ஒரு ஜாடிய மட்டும் நான் பாத்துக்கிறேனே," என்றாள் தும்பி. கூட வேலை செய்கிறவளுக்கு, பாதி முகத்தை மறைக்கும் கண்ணாடியால் வந்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

"நான் எடுத்தது. நானே பாக்குறேன். நீ போய் சாப்பிடு."

தும்பி தயங்கித் தயங்கிப் போனாள்.

ஓர் ஆறு நலமாக இருக்கிறதா என்று அதில் வாழும் பூச்சிகளை எண்ணிச் சொல்வது இவர்கள் வேலை. ஓடும் தண்ணீரில் இறங்கி வலையை ஊன்றிக்கொண்டு, முன்னாலிருக்கும் கற்களைக் காலால் கிளற வேண்டும். சரியாக மூன்று நிமிடம். நடுவில் நிறுத்தினால் அது செல்லாது, மறுபடி முதலிலிருந்து. இந்த ஜாடிக்கு வலை ஊன்றிய அன்று, பள்ளி விடுமுறை என்று மகளையும் கூட்டிப் போயிருந்தாள். கரையில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருந்தவள், "அம்மா" என்று கூப்பிட்டாள்.

"இருடி செல்லம், இன்னும் முப்பது செகண்டு."

அவள் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முடித்துத் திரும்பியபோது கரையில் செருப்பு மட்டும் கிடந்தது. எட்டு வயது. வாரக்கணக்கில் தேடியும் உடல் கிடைக்கவில்லை. கணவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வலையில் விழுந்ததை யாரோ ஜாடியில் போட்டு, ஸ்பிரிட் ஊற்றி அலமாரியில் வைத்துவிட்டார்கள். பிள்ளையைக் கொடுத்து அந்த மூன்று நிமிடத்தில் அப்படி என்னத்தை வாரிக்கொண்டோம் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

லென்ஸ் வழியாக எண்ணத் தொடங்கினாள். ஸ்பிரிட் நெடி மெல்லக் குறைந்து, பாசி வாசனை வந்தது. அதற்கும் அடியில், குளித்துவிட்டுத் துவட்டாத தலையின் வாசனை. ஓரத்தில் ஒரு கூடுகட்டிப் புழு கிடந்தது. மணலையும் சருகுத் துணுக்கையும் வாய்நூலால் ஒட்டிக் குழாய்போலக் கூடு கட்டி, அதற்குள்ளேயே வாழும் புழு. இது இருந்தால் தண்ணீர் சுத்தம் என்று எழுதிக்கொள்ளலாம்.

இந்தக் கூட்டில் மணல் இல்லை. முதுகில் வழவழவென்று ஒரே தகடு. ஊதா நிறம்.

லென்ஸை நகர்த்தினாள்.

நகம். அன்று காலை அவளே மருதாணிக்குப் பதிலாகப் பூசிவிட்ட நகப்பூச்சு. காய்வதற்குள் எதிலோ இடித்து ஒரு கோடு விழுந்துவிட்டது. "பரவால்லம்மா," என்றாள் குழந்தை. அந்தக் கோடு.

பக்கத்தில் இன்னொன்று. அதிலும் நகம். நான்கு. ஏழு.

பத்து.

 

பத்தும் நகர்ந்தன. அவசரமில்லாமல். இடப்பக்கம் ஐந்து. வலப்பக்கம் ஐந்து. பெரிய நகங்கள் இரண்டும் உள்பக்கம். தட்டின் சுவரில் ஏறின. விளிம்பைப் பற்றின. தட்டு அவள் பக்கம் சாய்ந்தது, உள்ளேயிருந்து ஒருவர் எழுந்திருக்கப் பார்ப்பதுபோல.

ஓடியிருக்கலாம். கதவு ஐந்தடியில்தான் இருந்தது. ஆனால் அன்று திரும்பிப் பார்க்காத அந்த முப்பது செகண்டு அவளை ஓட விடவில்லை.

"வந்துட்டேன்டி," என்று இரண்டு கைகளையும் நீட்டினாள்.

அவை அவள் விரல்களைப் பிடித்தன. இறுக்கிப் பிடித்தன. தண்ணீர் ஐஸாகக் குளிர்ந்தது. கால் தரையை விட்டு நழுவியது.

தட்டின் ஆழம் இரண்டு விரற்கடைதான். அவள் கைகள் முழங்கைவரை உள்ளே போயிருந்தன.