சாமான் அறையில் போட்ட பிடி

“குஸ்தி எல்லாம் தற்காப்புக் கலையா? கட்டிப் புரள்றதுக்கு ஒரு பேரு!” என்றான் கராத்தே அண்ணன்.

குண்டூசி குனிந்து குஸ்தி மெத்தையின் ஓரத்தைச் சுருட்டத் தொடங்கினாள். ஆள் ஒல்லி, அதனால் அந்தப் பட்டப்பெயர். ஆனால் குஸ்தி என்றால் அவளுக்கு உயிர்.

இந்தப் பயிற்சிக் கூடத்தில் இனி தற்காப்புக் கலைக்கு மட்டும்தான் இடம், குஸ்தி அதில் சேராது என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். அவருக்கு யார் சொன்னார்களோ! குஸ்தி மெத்தை இன்றோடு சாமான் அறைக்குப் போகிறது. மெத்தை போனால் அவள் பயிற்சியும் போச்சு.

இருவரும் மெத்தையைச் சுருட்டித் தூக்கிப் போனார்கள். வெளியே மழை இருட்டு. உள்ளே கால் வைத்ததும் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

இருட்டில் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

“குண்டூசி, நீயா?”

“நான் இல்லண்ணா.”

மூச்சு நெருங்கி வந்தது. ஐஸ்கட்டியைக் கழுத்தில் வைத்தது போல் இருந்தது. அண்ணன் மெத்தையைப் போட்டுவிட்டுக் குத்தினான். கை காற்றில் போனது. உதைத்தான். கால் வாளிக்குள் மாட்டிக்கொண்டது.

“அடி விழவே மாட்டேங்குது! ஐயோ, என் கையைப் பிடிச்சிருச்சு!”

குண்டூசி தன் பக்க மெத்தையைக் கீழே விட்டாள். குஸ்தியில் கண்ணைக் கட்டிக்கொண்டும் பழகுவார்கள். எதிராளி எந்தப் பக்கம் சாய்கிறான் என்பதைக் கைதான் பார்க்கும். அவள் கண்ணை மூடி, குனிந்து, கைகளை விரித்து நகர்ந்தாள்.

அகப்பட்டது! சில்லென்று ஒரு தோள். அவளைவிடச் சின்ன உருவம். பின்னாலிருந்து இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள். தூக்கிப் போட்டிருக்கலாம். ஆனால் அது வெடவெடவென்று நடுங்குவது கைக்குத் தெரிந்தது.

“அடிக்காதண்ணா. இது பயந்து போயிருக்கு.”

“அதுக்குப் பயமா? அப்ப எனக்கு?”

குண்டூசி பிடியைத் தளர்த்தினாள். விடவில்லை. “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்றாள். நடுக்கம் மெல்ல அடங்கியது. கைக்குள் இருந்தது லேசாகி, லேசாகி, இல்லாமலே போனது.

கதவு திறந்துகொண்டது. தரையில் சின்னச் சின்ன ஈரக் காலடிகள். வந்த தடம் இருந்தது. போன தடம் இல்லை.

“என்னடா சத்தம்?” மாஸ்டர் ஓடிவந்தார்.

“மாஸ்டர், மெத்தை கூடத்துலயே இருக்கட்டும்” என்றான் அண்ணன்.

“ஏன்? குஸ்தி தற்காப்புக் கலை ஆயிடுச்சா?”

“என்னைக் காப்பாத்துச்சு மாஸ்டர். அதுக்கு மேல எனக்குத் தெரியாது.”

மாஸ்டர் காலடிகளைப் பார்த்தார். மெத்தையின் ஒரு முனையைத் தூக்கினார்.

மறுநாள் அந்த மெத்தைமேல் அண்ணன் விறைப்பாக வந்து நின்றான். “மொதல்ல நான் என்ன பண்ணணும்?”

“மொதல்ல முஷ்டியைத் திறண்ணா,” என்றாள் குண்டூசி.