சோற்றில் ஒரு முடி

மாலை நாலு பத்துக்குத் தரைக்கு அடியில் கடல் நின்றது.

ஒக்னான் மட்டும்தான் கவனித்தாள். காகிதச் சன்னலுக்கு அந்தப் பக்கம் டிசம்பர் அலைகள் பாறையில் ஏறி விழுந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் பலகைத் தரைக்குக் கீழே குகைக்குள்ளிருந்து, வந்த நேரம் முதல் உள்ளங்காலில் ஏறிக்கொண்டிருந்த அந்த உறுமலை மட்டும் காணோம். பிக்குணி குடைந்த மரக்கட்டையைத் தட்டியபடி ஓதிக்கொண்டிருந்தார். நாத்தனார் ஜோங்சுக் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஊதுபத்தி மணம், ஈரக் கம்பளியின் மணம், அதற்கும் அடியில் லேசாக டீசல்.

நாளையோடு ஒரு வருஷம் முடிகிறது. போன டிசம்பரில் சம்சொக் துறையிலிருந்து கணவாய் பிடிக்கப் போன படகு திரும்பவில்லை. ஐந்து பேரில் நாலு உடல் கிடைத்தது. ஒக்னானின் புருஷன் தல்சு மட்டும் கிடைக்கவில்லை. ஒக்னான் அழவில்லை. நாலாம் நாள் மீன் காயவைக்கும் கொட்டகைக்கு வேலைக்குப் போனாள். சாப்பிட்டாள், தூங்கினாள். கல்லு மாதிரி இருக்கிறாள் என்று துறையில் பேசிக்கொண்டார்கள், அவள் காதுபடவே. அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது.

முழுகிப் போனவனை வருஷத்துக்குள் மேலே எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு கூப்பிட்டால் அவனுக்குக் கேட்காது. அவன் சாப்பிட்ட பித்தளைக் கிண்ணத்தில் சோறு நிரப்பி, வெள்ளைத் துணியில் ஏழு முடிச்சுப் போட்டுக் கட்டி, கயிற்றில் கடலுக்குள் இறக்குவார்கள். எடுத்துப் பிரிக்கும்போது சோற்றில் ஒரு முடி இருந்தால் ஆள் வந்துவிட்டான். அதை எரித்தால் கரை சேர்ந்துவிடுவான். இல்லையென்றால் அந்தக் குளிரிலேயே கிடக்க வேண்டியதுதான்.

துறையில் மூன்று தடவை இறக்கியாயிற்று. பூசாரிப் பெண் தொண்டை கட்டும்வரை கூப்பிட்டாள். வெறும் சோறுதான் வந்தது. பெண்டாட்டியே கூப்பிட்டால் வருவான் என்று யாரோ சொல்லித்தான் இந்தப் பாறைக் கோயிலுக்கு வந்தார்கள்.

குகைக்கு மேலேயே பலகை அடித்துக் கட்டிய கோயில். தரையின் நடுவில் ஒரு துளை, கிண்ணம் போகிற அளவுக்கு. பழங்காலத்தில் ஒரு துறவி குகை வாயிலில் ஏழு நாள் உட்கார்ந்து, கீழே இருப்பது யாரானாலும் மேலே வா என்று கூப்பிட்டாராம். போதிசத்துவர் வருவார் என்று நினைத்திருக்கிறார். எட்டாம் நாள் ஊர்க்காரர்கள் வந்து பார்த்தபோது அவர் இல்லை. பாறையெல்லாம் ஈரக் காலடிகள், ஊர்ப் பக்கம் பார்த்து. அவர்கள் வந்ததும் தேநீர் ஊற்றிக்கொண்டே பிக்குணி இதைச் சொன்னார்.

"என் புருசன் சோஜு குடிச்சிட்டு வர்றப்பவும் இப்பிடித்தான் காலடி கிடக்கும், அம்மா. ஊர்ப் பக்கம் மட்டும் இல்ல, எல்லாப் பக்கமும்," என்றாள் ஜோங்சுக். பிக்குணியும் சிரித்துவிட்டார்.

பிறகு ஒக்னானைப் பார்த்துச் சொன்னார். "ஊரு, அப்பா பேரு, அவரு பேரு. பேரு சொல்லித்தான் கூப்பிடணும். வேற எப்பிடியும் கூப்பிட்டுடாதீங்க."

இப்போது கயிறு இறங்கியது. தண்ணீரில் விழும் சத்தம் கேட்கவில்லை. பிக்குணி தலையசைத்தார். ஒக்னான் துளைமேல் குனிந்தாள். கீழிருந்து வந்த காற்று குளிராக இல்லை. வெதுவெதுவென்று இருந்தது, முகத்துக்கு நேராக ஒருவர் மூச்சு விடுவதுபோல. வாயைத் திறந்தாள். இருபத்தெட்டு வருஷத்தில் அந்தப் பெயரை அவள் சொன்னதில்லை. துறை அலுவலகத்தில் கேட்டபோதுகூட எழுதித்தான் கொடுத்தாள்.

"என்னங்க," என்றாள். "வாங்க."

மரக்கட்டைச் சத்தம் நின்றது.

கயிறு விறைத்தது.

மூன்று பேரும் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது. முடிச்சுகள் போட்டபடியே இருந்தன. சோறு நனையவே இல்லை. வெள்ளைச் சோற்றின் நடுவில் ஒரு முடி.

ஜோங்சுக் "அண்ணே" என்று கதறினாள்.

ஒக்னான் முடியை உருவிச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கடைசியாக அவன் தலைக்கு டை அடித்துவிட்டது அவள்தான், ஜோங்சுக் மகன் கல்யாணத்துக்கு. படகேறும்போது அடியில் ஒரு விரல்கடை வெள்ளை தெரிந்தது. இது வேர்வரை கறுப்பு. வாலிபன் முடி.

"இவரு இல்ல."

துணியில் வைத்தாள். முதுகுக்குப் பின்னால் ஒரு பலகை முனகியது.

சோற்றில் இன்னொன்று. நரைத்தது, முரடு. இதுவும் இல்லை. மறுபடி பலகை. மூன்றாவதை இழுக்க இழுக்க வந்தது, முழத்துக்கு மேல், ஆண்கள் கொண்டை போட்டிருந்த காலத்து முடி. அதையும் வைத்தாள். நிறுத்தலாம் என்று தெரிந்தது. அடுத்தது அவனுடையதாக இருக்கலாம் என்றும் தெரிந்தது. நாலு. ஐந்து. ஒன்பது. விரல்கள் தாமாகவே சோற்றைக் கிளறின. கிண்ணம் குறையவில்லை.

ஜோங்சுக்கின் அழுகை பாதியில் நின்றது. அவள் ஒக்னானின் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். மூடிய வாயை இரண்டு கைகளாலும் அழுத்தியிருந்தாள்.

டீசல். நனைந்த மரம். பழைய கயிறு.

தண்ணீர் பலகைமேல் மெதுவாக வந்து ஒக்னானின் முழங்காலைத் தொட்டது. சில்லென்றிருந்தது. அவ்வளவுதான்.

பின்னால் ஒருவர் ரப்பர் பூட்ஸைக் கழற்றினார். ஒன்று. இரண்டு. பக்கத்தில் இன்னொருவர். அதற்கடுத்து இன்னொருவர். வீட்டுக்குத் திரும்பியவர்கள் வாசலில் கழற்றி வைப்பதுபோல, ஒழுங்காக.

"திரும்பாதீங்க," என்றார் பிக்குணி. உதடு மட்டும் அசைந்தது. "பேரச் சொல்லுங்க. இப்பவே."

துளைமேல் குனிந்தாள். நாக்கு ஒட்டிக்கொண்டது. பிரித்தாள்.

"சம்சொக். மா போங்தே மகன்." மூச்சு வாங்கினாள். "மா தல்சு."

பின்னால் எல்லா அசைவும் நின்றது. சொட்டுகிற சத்தம் மட்டும். அவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மா தல்சு," என்றாள் மறுபடி.

கீழே, வெகு ஆழத்தில், இருபத்தெட்டு வருஷம் அவள் கேட்ட குரல்.

"இந்தா, மேல உன்கூட நிக்கிறவங்க எல்லாம் யாரு?"